ஒற்றைப் பல் ஜனாதிபதியும் இரண்டு கல்லூரிகளும்

1789 ஏப்ரல் 30. நியூயார்க் நகரம். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்கிறார் ஜார்ஜ் வாஷிங்டன். ஆறடி உயரம், ராணுவ மிடுக்கு, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தையே மூட்டை கட்டி அனுப்பிய பெருமை... எல்லாம் சரி. அந்தக் கம்பீரமான மனிதரின் வாயில் அன்று மிச்சமிருந்த சொந்தப் பல் எத்தனை தெரியுமா?

ஒன்றே ஒன்று!

மற்றதெல்லாம் கட்டுப் பல். அவர் மரத்தால் செய்த பல் வைத்திருந்தார் என்று ஒரு கதை ரொம்ப நாளாக உலவுகிறது. அது சும்மா கட்டுக்கதை. நீர்யானைத் தந்தத்தைச் செதுக்கி, நிஜ மனிதப் பற்களைப் பதித்து, மேல் தாடைக்கும் கீழ் தாடைக்கும் நடுவே ஸ்பிரிங் வைத்துச் செய்த செட் அது. ஸ்பிரிங் விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தால்தான் பல் உள்ளே நிற்கும். டாலர் நோட்டில் அவர் உதடுகளைப் பாருங்கள், என்ன ஒரு இறுக்கம்!

'நிஜ மனிதப் பற்கள்' என்றேன் அல்லவா? அவை யாருடையவை? 1784-ம் வருடத்து வாஷிங்டன் வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. ஒன்பது பற்களுக்காகக் கறுப்பின மக்களுக்குக் கொடுத்தது, 6 பவுண்ட் 2 ஷில்லிங். அவருடைய பண்ணை அடிமைகளாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்களின் கணிப்பு. அந்த ஒன்பதும் ஜனாதிபதியின் வாய்க்குள்தான் போயினவா என்பதற்கு நேரடிச் சான்று கிடையாது. ஆனால், பிடுங்கப்பட்டது நிஜம். இந்த ஒன்பது பற்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஜனாதிபதிக்குப் பல் கட்டிய ஜான் கிரீன்வுட் எந்தக் காலேஜில் படித்தார்? எங்கேயும் இல்லை! அவருடைய அப்பா தந்தத்தில் கடைசல் வேலை செய்கிறவர், கூடவே பல்லும் கட்டுவார். மகன் ராணுவத்தில் புல்லாங்குழல் வாசித்துவிட்டு, பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தார். நூல் நூற்கும் ராட்டையின் கால்மிதியை மாற்றியமைத்து, பல்லைக் குடையும் கருவி ஒன்று செய்தார் என்றால் மனிதரின் மூளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1796-ல் வாஷிங்டனின் அந்தக் கடைசிப் பல்லும் கழன்றபோது அதை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டவரும் இவர்தான்.

அந்தக் காலத்தில் பல் பிடுங்கியவர்களில் நாவிதர் உண்டு, கொல்லர் உண்டு, சந்தையில் கூட்டம் கூட்டி வித்தை காட்டுகிறவரும் உண்டு. பாரிஸில் பியர் ஃபோஷார் என்பவர் 1728-லேயே பல் வைத்தியத்துக்குத் தடிமனான புத்தகம் எழுதியிருந்தார். ஆனால், இதற்கென்று ஒரு கல்லூரி? உலகத்தில் எங்கும் கிடையாது.

இப்போது நம் ஊரில் ஒவ்வொரு வருடமும் கவுன்சலிங் சமயத்தில் பல வீடுகளில் ஒரு பட்டிமன்றம் நடக்கிறது. பிள்ளைக்கு இரண்டு பல் மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைக்கிற மாதிரி இருக்கும். "அந்தக் காலேஜ் பழசு." "இந்தக் காலேஜுக்குப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கு." "சித்தப்பா அந்தக் காலேஜ்தான் நல்லதுங்கறார்." அப்பா ஒரு கட்சி, அம்மா ஒரு கட்சி, பிள்ளை மூன்றாவது கட்சி. இந்தப் பட்டிமன்றத்துக்கு நூற்றைம்பது வருடத்துக்கும் மேலான சரித்திரம் உண்டு. அது தொடங்கிய இடம் பால்டிமோர்.

* * *

கிரீன்வுட்டின் வேலையைப் பார்த்து மயங்கிய ஓர் இளைஞர் ஹொரேஸ் ஹேடன். பால்டிமோரில் பல் வைத்தியராகக் கடை விரித்தார். பல்லோடு நிற்கிற ஆளில்லை அவர். பாறைகளையும் மண்ணையும் ஆராய்ந்து புவியியல் புத்தகம் எழுதியவர். இவரோடு கை கோத்தவர் சேப்பின் ஹாரிஸ். 1839-ல் பல் மருத்துவம் பற்றிப் பெரிய பாடநூல் ஒன்றை எழுதி வெளியிட்டவர். அதே வருடம் உலகின் முதல் பல் மருத்துவப் பத்திரிகையும் அமெரிக்காவில் தொடங்கியது. அதிலும் ஹாரிஸின் கை உண்டு.

புத்தகம் வந்தாச்சு, பத்திரிகை வந்தாச்சு, அடுத்தது காலேஜ்தானே? 1840 பிப்ரவரி 1 அன்று மேரிலாண்ட் சட்டமன்றம் அனுமதி வழங்கியது. 'பால்டிமோர் காலேஜ் ஆஃப் டென்டல் சர்ஜரி' - பல் மருத்துவத்துக்கு மட்டுமே என்று பிறந்த உலகின் முதல் கல்லூரி! நவம்பரில் வகுப்பு தொடங்கியது. பேராசிரியர்கள் நாலு பேர், மாணவர்கள் ஐந்து பேர். வாத்தியாருக்கு ஆளுக்கொரு மாணவன் போக ஒருவன் மிச்சம்! அடுத்த மார்ச்சிலேயே இரண்டு பேர் பட்டம் வாங்கிவிட்டார்கள். 'டாக்டர் ஆஃப் டென்டல் சர்ஜரி', சுருக்கமாக டி.டி.எஸ். உலகத்துக்கே புதுப் பட்டம்.

ஹேடனும் ஹாரிஸும் முதலில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரிக் கதவைத்தான் தட்டினார்கள், 'பல்லெல்லாம் ஒரு படிப்பா?' என்று டாக்டர்கள் விரட்டியடித்தார்கள், அந்த ரோஷத்தில்தான் தனிக் கல்லூரி தொடங்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால், பின்னால் தேடிப் பார்த்த சரித்திர ஆசிரியர்களுக்கு அந்த மறுப்புக் கடிதமோ தீர்மானமோ அகப்படவில்லை. விரட்டினார்களோ இல்லையோ, விளைவு ஒன்றுதான். மருத்துவம் ஒரு வீடு, பல் மருத்துவம் பக்கத்து வீடு என்று நடுவில் சுவர் எழும்பிவிட்டது. இன்றைக்கும் உங்கள் மருத்துவ இன்ஷூரன்ஸ் பாலிசியில் பல் சிகிச்சை தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறதே, அதற்கு ஒரு வேர் இங்கேயும் இருக்கிறது.

* * *

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. ஆபரேஷன் என்றால் நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, நோயாளி அலற அலற அறுத்த காலம் அது. வலியில்லாமல் அறுக்கும் வழியை உலகத்துக்குக் காட்டியது யார்? இரண்டு பல் வைத்தியர்கள்! 1844-ல் ஹொரேஸ் வெல்ஸ் சிரிப்பு வாயுவை முகர்ந்து தன் பல்லையே பிடுங்கச் சொன்னார். 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் ஆஸ்பத்திரியில், பெரிய பெரிய சர்ஜன்கள் பார்த்துக்கொண்டிருக்க, வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுத்து ஒருவரைத் தூங்க வைத்தார். கழுத்துக் கட்டியை அறுத்தார்கள். சத்தமே இல்லை. 'பல் பிடுங்குகிறவர்கள்' என்று இளக்காரமாகப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அதே பாஸ்டனில் இன்னொருவர் இருந்தார், நேதன் கூலி கீப். கவிஞர் லாங்ஃபெலோவின் மனைவிக்கு 1847-ல் பிரசவ நேரத்தில் ஈதர் கொடுத்தவர். அமெரிக்காவில் பிரசவத்துக்கு மயக்க மருந்து கொடுத்தது அதுதான் முதல் தடவை.

கீப் பற்றி இன்னொரு கதை. துப்பறியும் நாவல் தோற்றுவிடும்! 1849 நவம்பரில் பாஸ்டன் பணக்காரர் டாக்டர் பார்க்மன் காணாமல் போனார். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வெப்ஸ்டர் அவரிடம் கடன் வாங்கியிருந்தார். வெப்ஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் உடலின் துண்டுகள் கிடைத்தன. ஆனால், அது பார்க்மன்தான் என்று எப்படி நிரூபிப்பது? உலைச் சாம்பலில் ஒரு கட்டுப் பல் துண்டு கிடைத்தது. கீப் சாட்சிக் கூண்டில் ஏறினார். "இது நான் அவருக்குச் செய்து கொடுத்தது" என்று, தான் வைத்திருந்த அச்சில் பொருத்தியே காட்டினார். 1850-ல் பேராசிரியர் தூக்கில் தொங்கினார். அந்தப் பல் செட்டை பார்க்மன் அவசர அவசரமாகச் செய்யச் சொன்னது எதற்காகத் தெரியுமா? ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் புதுக் கட்டடத் திறப்பு விழாவுக்குப் போவதற்காக!

இந்தக் கீப்தான் 1867-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தொடங்கிய பல் மருத்துவக் கல்லூரியின் முதல் டீன். ஒரு பல்கலைக்கழகத்துக்குள், அதன் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து நடந்த முதல் பல் கல்லூரி இது. சுவருக்கு நடுவில் கதவு வைத்த மாதிரி. பல் படிக்கிற மாணவன் மருத்துவ மாணவனோடு உட்கார்ந்து உடற்கூறு படித்தான்.

பட்டத்தின் பெயரிலும் ஹார்வர்டு தனி வழி போனது. அங்கே பட்டங்கள் எல்லாம் லத்தீனில்தான். பால்டிமோரின் டி.டி.எஸ்-ஸை லத்தீனில் போட்டால் சரியாக வரவில்லை. ஒரு லத்தீன் பண்டிதரைக் கேட்டார்கள். மருத்துவப் பட்டத்துக்கு முன்னால் 'பல்' என்ற பொருள் தரும் ஒரு சொல்லைச் சேர்த்துக் கொடுத்தார். 'டென்டாரியே மெடிசினே டாக்டர்', டி.எம்.டி. பிறந்தது. இன்றைக்கும் அமெரிக்காவில் சில கல்லூரிகள் டி.டி.எஸ். தருகின்றன, சில டி.எம்.டி. தருகின்றன. படிப்பு ஒன்றுதான், தகுதியும் ஒன்றுதான்.

* * *

ஆக, 1867-ல் ஓர் அமெரிக்க இளைஞனுக்கு ஜோரான பட்டிமன்றம் தயார். தொழிலே தெய்வம் என்று நிற்கும் பால்டிமோரா? மருத்துவத்தோடு கை கோத்த ஹார்வர்டா? நடுவில் சின்சினாட்டியில் 1845 முதல் நடந்துவரும் ஒஹையோ கல்லூரியும் இருக்கிறது. தேர்ந்தெடுக்கலாமே!

யார் தேர்ந்தெடுக்கலாம்? அங்கேதான் சிக்கல்.

லூசி ஹாப்ஸ் என்ற பள்ளிக்கூட ஆசிரியை 1859-ல் மருத்துவம் படிக்கப் போனார். பெண் என்று மறுத்துவிட்டார்கள். பல் மருத்துவம் படிக்கலாம் என்று 1861-ல் ஒஹையோ கல்லூரிக்கு விண்ணப்பித்தார். அங்கேயும் அதே பதில். ஆனால், அதே கல்லூரிக்காரர் ஒருவர் தனியாகச் சொல்லிக் கொடுத்தார். லூசி கற்றுக்கொண்டு, அயோவா மாநிலத்துக்குப் போய்ப் போர்டு மாட்டினார். 'பல் பிடுங்குற பொம்பளை' என்று ஊரெல்லாம் பேச்சு. பேசியவர்களுக்கும் பல் வலித்தால் அவரிடம்தான் வந்தார்கள். 1865-ல் அயோவா பல் வைத்தியர்கள் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. சங்கமே ஏற்றுக்கொண்ட பிறகு கல்லூரி என்ன செய்யும்? அதே ஒஹையோ கல்லூரி கதவைத் திறந்தது. 1866 பிப்ரவரியில் பல் மருத்துவப் பட்டம் பெற்ற உலகின் முதல் பெண் ஆனார். கல்யாணத்துக்குப் பிறகு கணவருக்கும் பல் வைத்தியம் கற்றுக் கொடுத்தார் என்பது கூடுதல் செய்தி!

அடுத்தவர் ராபர்ட் டேனர் ஃப்ரீமன். 1846-ல் வாஷிங்டன் நகரில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். வெள்ளைக்காரப் பல் மருத்துவர் ஒருவரிடம் சின்ன வயதிலேயே உதவியாளராகச் சேர்ந்தார். 'நீயே டாக்டருக்குப் படியேன்' என்று ஊக்கப்படுத்தியவர் அந்த முதலாளிதான்.

ஃப்ரீமன் இரண்டு பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தார். இரண்டும் மறுத்தன. மார்க் குறைவு, பணம் கட்டவில்லை என்றெல்லாம் இல்லை, தோல் கறுப்பு. உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டே வருடம்தான் ஆகியிருந்தது. சட்டம் அடிமைத்தனத்தை ஒழித்துவிட்டது, கல்லூரி வாசலில் நிறம் பார்ப்பதை ஒழிக்கவில்லை.

மூன்றாவதாக ஹார்வர்டு. புதுக் கல்லூரி. டீன் கீப் ஃப்ரீமனுக்காகப் பேசினார். இடம் கிடைத்தது. 1869 மார்ச்சில் அந்தக் கல்லூரியின் முதல் பட்டமளிப்பு. மொத்தம் ஆறு பேர். அதில் ஒருவர் ஃப்ரீமன், அமெரிக்காவில் பல் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். வாஷிங்டன் நகருக்கே திரும்பி வந்து மருத்துவமனை திறந்தார்.

யோசித்துப் பாருங்கள். எந்த ஜனாதிபதியின் வீட்டுக் கணக்கில் கறுப்பர்களின் ஒன்பது பற்களுக்கு விலை எழுதப்பட்டதோ, அவர் பெயரைத் தாங்கிய நகரத்தில், அடிமைகளாக இருந்தவர்களின் மகன் பல் டாக்டராக உட்கார்ந்திருக்கிறார். நடுவில் எண்பத்தைந்து வருடம்.

கதை இங்கே முடிந்திருந்தால் சந்தோஷம். நாலே வருடம்தான் தொழில் செய்தார். 1873-ல் இறந்துபோனார். முப்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய மகள் வயிற்றுப் பேரன் ராபர்ட் வீவர் 1966-ல் அமெரிக்க மத்திய அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார்.

ஃப்ரீமனுக்கு அடுத்த வருடம் அதே ஹார்வர்டில் பட்டம் வாங்கியவர் ஜார்ஜ் கிரான்ட், இவரும் கறுப்பினத்தவர். பின்னாளில் அங்கேயே ஆசிரியரானார். கோல்ஃப் பந்தை நிறுத்தி வைக்கிற சின்ன மர ஆணி இருக்கிறதே, அதற்கு 1899-ல் காப்புரிமை வாங்கியவரும் இந்தப் பல் டாக்டர்தான்.

ஒரு ஃப்ரீமன், ஒரு கிரான்ட் உள்ளே போனதால் கதவு விரியத் திறந்துவிடவில்லை. 1881-ல் வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழகத்திலும், 1886-ல் நாஷ்வில்லின் மெஹாரி கல்லூரியிலும் கறுப்பின மாணவர்களுக்கான பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு அந்நாட்டின் கறுப்பினப் பல் மருத்துவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு இடங்களில் படித்தவர்கள்தான். மற்றவர்களுக்கு டஜன் கணக்கில் கல்லூரிகள். இவர்களுக்கு 'இதுவா, அதுவா' என்று இரண்டு!

* * *

சரி, பால்டிமோருக்கும் ஹார்வர்டுக்கும் நடந்த போட்டியில் யார் ஜெயித்தார்கள்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் பல் கல்லூரிகள் ஐம்பதைத் தாண்டின. பல கல்லூரிகள் தனியார் வியாபாரம். காசைக் கட்டு, காகிதத்தை வாங்கு என்று பட்டம் விற்ற இடங்களும் உண்டு. 1926-ல் வில்லியம் கீஸ் என்ற பேராசிரியர் அமெரிக்க, கனடா கல்லூரிகளை ஆராய்ந்து பெரிய அறிக்கை கொடுத்தார். பல் மருத்துவம் தனித் தொழிலாகவே இருக்கட்டும், ஆனால் கல்லூரிகள் பல்கலைக்கழகங்களுக்குள் வரவேண்டும், மருத்துவத்துக்குச் சமமான கனம் வேண்டும் என்றார். பால்டிமோர்க்காரர்கள் பாதி ஜெயித்தார்கள், ஹார்வர்டுக்காரர்கள் மீதி. அறிக்கை வருவதற்கு முன்பே உலகின் அந்த முதல் கல்லூரி எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமோ? விரட்டியடித்ததாகச் சொல்லப்பட்ட அதே மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில்!

இந்தியாவுக்கு இந்தக் கதை வந்த வழியும் சுவையானது. வங்காளத்தைச் சேர்ந்த ரஃபியுதீன் அகமது அமெரிக்காவில் பல் மருத்துவம் படித்து 1915-ல் பட்டம் வாங்கினார். படித்த இடம் அயோவா, லூசி ஹாப்ஸைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்ட அதே மாநிலம். திரும்பி வந்து 1920-ல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அரசாங்க மானியத்துக்குக் காத்திருக்கவில்லை. 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்று குளிர்பானக் கடை வைத்து, அதில் வந்த காசைக் கல்லூரியில் போட்டார். சோடா குடித்தால் பல் கெடும் என்பார்கள். இங்கே சோடா பல்லைக் காப்பாற்றியிருக்கிறது! அங்கே படித்த ஓர் இளம்பெண் 1923-ல் பம்பாயில் கிளினிக் திறந்தார். பெயர் ஃபாத்திமா ஜின்னா, பாகிஸ்தானை உருவாக்கிய முகமது அலி ஜின்னாவின் தங்கை.

கல்கத்தா தனியாகப் பிறந்தது, பால்டிமோர் மாதிரி. நம் சென்னையில் 1953-ல் தொடங்கிய அரசுப் பல் மருத்துவப் படிப்பு மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகவே பிறந்தது, ஹார்வர்டு மாதிரி. இரண்டு இடத்திலிருந்தும் நல்ல டாக்டர்கள் வந்தார்கள்.

எனவே, வீட்டுப் பட்டிமன்றத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பா, அம்மாக்களே... கட்டடம் பழசா புதுசா என்பதை அப்புறம் பாருங்கள். உங்கள் பிள்ளை அங்கே எத்தனை நோயாளிகளின் வாயைத் தன் கையால் பார்க்கும்? பக்கத்தில் நின்று தப்பைத் திருத்துகிற ஆசிரியர் இருக்கிறாரா? ஹாஸ்டல் சாப்பாட்டை விசாரிப்பதற்கு முன்னால் இந்த இரண்டையும் விசாரியுங்கள். காலேஜுக்கு நேரில் போய், காலை பத்து மணிக்குப் புறநோயாளிகள் பிரிவில் எத்தனை நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

எண்ணிப் பார்த்த பிறகும் இரண்டும் சமமாகத் தோன்றுகிறதா? அப்படியானால் சண்டையை நிறுத்திவிட்டுப் பிள்ளை விரும்பும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். இரண்டு கல்லூரிகள் 'வா' என்று கூப்பிட்டு, எதற்குப் போவது என்று குழம்புவது ஒரு நல்ல கஷ்டம். ராபர்ட் ஃப்ரீமனுக்கு அந்தக் கஷ்டம் வாய்க்கவில்லை.